ஐந்து ஆராதனைகளும் ஒரு புகார்க் கடிதமும்

(நம் சங்கத்தின் மாதாந்திர மாலைக் கூட்டத்தில், சி பிளாக் குடியிருப்பாளரும் ஓய்வு பெற்ற வங்கி மேலாளருமான நம் மூத்த உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். குடும்ப விஷயங்கள் வருவதால் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நம் எல்லோருக்கும் அவரைத் தெரியும் என்பதால் அதில் சிரமம் இல்லை. கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக, இறுதியில் நடந்த கேள்வி பதிலையும் சேர்த்திருக்கிறோம்.)



கிறிஸ்துமஸ் மாதம் என்பதால் ஒரு கிறிஸ்தவரைப் பேசச் சொல்லலாம் என்று செயலாளர் நினைத்திருக்கிறார். "உங்கள் ஆராதனை முறைகளைப் பற்றி எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் சார், அதனால் மனிதனுக்கு என்ன பயன் என்றும் சொல்லுங்கள்" என்று கேட்டார். நான் பேச்சாளன் இல்லை. முப்பத்தாறு வருடம் வங்கியில் கணக்குப் பார்த்தவன். அதனால் இதையும் ஒரு கணக்கு மாதிரியே சொல்கிறேன். எந்த ஆராதனை எனக்கு என்ன கொடுத்தது, எங்கே நான் கடன்பட்டேன் என்று.

முதலில் ஒரு ஒப்புதல். பழைய கமிட்டி உறுப்பினர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2018-ல் ஏ பிளாக் மூன்றாவது மாடியில் வெள்ளிக்கிழமை தோறும் நடக்கும் ஜெபக் கூட்டத்தின் சத்தத்தைப் பற்றிச் சங்கத்துக்கு ஒரு புகார்க் கடிதம் வந்தது. அதை எழுதியது ஒரு கிறிஸ்தவர்தான். நான்தான். (சிரிப்பு)

சிரிக்கலாம், தப்பில்லை. அன்று கடிதத்தில் டெசிபல் கணக்கெல்லாம் எழுதியிருந்தேன். ஆனால் என் கோபத்துக்குக் காரணம் சத்தம் இல்லை. அது என்ன என்பதைச் சொல்லத்தான் இந்த முப்பது நிமிடம்.

புத்தகம் கொடுத்த வார்த்தைகள்

நான் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தான். எங்கள் பக்கத்தில் சர்ச் என்று சொல்ல மாட்டோம், கோயில் என்றுதான் சொல்வோம். பாளையங்கோட்டையில் இருக்கும் பெரிய கோயிலை ஊசிக்கோபுரம் என்பார்கள். அந்தப் பகுதியில் ஆங்கிலிக்கன் மிஷனரிகள் வேலை செய்ததால், ஆராதனை முழுவதும் ஜெப புஸ்தகத்தில் அச்சாகி இருக்கும். குருவானவர் ஒரு வரி, சபையார் ஒரு வரி. எப்போது எழ வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்பதுகூட அதில் உண்டு.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் சபைகளும், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் ஏற்கெனவே சேர்ந்திருந்த ஐக்கிய சபையும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. உருவானது. 1950-ல் அதற்குப் புதிய திருவிருந்து ஆராதனை முறை ஒன்றைத் தயாரித்தார்கள். அதில் ஒரு அழகான வழக்கம் இருக்கிறது. குருவானவர் தரும் சமாதானத்தை ஒருவர் கைகளிலிருந்து அடுத்தவர் கைகளுக்கு வாங்கி, அப்படியே கடைசி வரிசை வரை கொண்டுபோவார்கள். அது கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டது. பக்கத்தில் நிற்பவரோடு வரப்புச் சண்டை இருந்தாலும் கையை நீட்டித்தான் ஆக வேண்டும். என் அப்பாவும் பெரியப்பாவும் வருடக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஒரு நிமிடம் கை கொடுத்தார்கள். கடைசியில் பேச்சும் வந்தது.

அச்சடித்த ஜெபம் உயிரில்லாதது என்று சிலர் சொல்வார்கள். என் அம்மா இறந்தபோது எனக்கு வயது 19. மூளை மரத்துப் போயிருந்தது, கண்ணீர்கூட வரவில்லை. ஆனால் அடக்க ஆராதனையில் குருவானவர் ஒரு வரி சொன்னதும் என் வாய் தானாக அடுத்த வரியைச் சொன்னது. சின்ன வயதிலிருந்து மனப்பாடமான வரி. எனக்கு முன் எத்தனையோ பேர் தங்கள் அம்மாவை அடக்கம் செய்தபோது சொன்ன வரி. நான் தனியாக இல்லை என்பதை அந்த வரிதான் எனக்குச் சொன்னது.

அதே புத்தகம் எனக்கு ஒரு கெட்ட பழக்கத்தையும் கொடுத்தது. அச்சடித்த வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொண்டேன். பிறகு அது எனக்குப் பெரிய நஷ்டத்தைக் கொடுத்தது.

மணலில் முழங்கால்

1984-ல் வங்கி என்னை நாகப்பட்டினத்துக்கு மாற்றியது. வேளாங்கண்ணி அங்கிருந்து கூப்பிடு தூரம். வருடா வருடம் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா திருநாள். ஆகஸ்ட் மாதக் கடைசியில் காவி உடுத்தி, காலில் செருப்பில்லாமல், சிறு தேரைத் தள்ளிக்கொண்டு வரும் கூட்டத்தால் சாலையே நிறைந்துவிடும்.

எனக்கு அதெல்லாம் மூட நம்பிக்கை. எங்கள் வீட்டில் மாதா படம் கிடையாது, மெழுகுவர்த்தி மின்சாரம் போனால்தான். கத்தோலிக்கர்களுக்கும் எங்களுக்கும் வார்த்தையே வேறு. நாங்கள் ஆராதனை என்றால் அவர்கள் திருப்பலி. எங்களுக்கு லெந்து காலம், அவர்களுக்குத் தவக்காலம். நாங்கள் சாம்பல் புதன் என்பதை அவர்கள் திருநீற்றுப் புதன் என்பார்கள்.

கிளையில் வேலை பார்த்த கத்தோலிக்க நண்பர் ஒரு நாள் என்னை இழுத்துக்கொண்டு போனார். அங்கே பேராலயத்திலிருந்து மாதா குளத்துக்குப் போகும் வழியில் மணல் பாதை ஒன்று உண்டு. அதில் முழங்காலால் நடந்து போவார்கள். அறுபது வயது அம்மா ஒருவர் அப்படிப் போய்க்கொண்டிருந்தார். மேலே வெயில், கீழே சூடான மணல். கூட வந்த பையன் குடை பிடிக்க வந்தான், வேண்டாம் என்று தள்ளிவிட்டார். "இவ்வளவு கஷ்டம் எதற்கு?" என்று நண்பரிடம் கேட்டேன். "அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது சார். உங்களை மாதிரி புஸ்தகம் வைத்து ஜெபிக்க முடியாது. முழங்கால் இருக்கிறது, அதை வைத்து ஜெபிக்கிறார்" என்றார்.

அந்தப் பதில் என்னைக் குத்தியது. என் ஜெபம் முழுக்கக் கழுத்துக்கு மேலேதான் நடந்துகொண்டிருந்தது. படிப்பது, பாடுவது, பிரசங்கத்தில் தப்புக் கண்டுபிடிப்பது. அந்த வருடத் தவக்காலத்தில் நண்பரோடு சிலுவைப் பாதை போனேன். பதினான்கு நிலைகள். ஒவ்வொன்றிலும் நின்று, முழங்காலிட்டு, எழுந்து, அடுத்ததற்கு நடக்க வேண்டும். பத்தாவது நிலைக்குள் மூட்டு வலித்தது. அந்த வலியில் மனம் அலையாமல் ஓரிடத்தில் நின்றது. அதற்கு முன் அப்படி நின்றதாக எனக்கு நினைவில்லை.

திருப்பலி அப்போது தமிழில்தான் நடந்தது. அதுவும் புதிய மாற்றம்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் மக்கள் மொழிக்கு இடம் கொடுக்கும் வரை திருப்பலி லத்தீனில் இருந்தது. "என் பாட்டிக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் எந்த இடத்தில் மணி அடிக்கும், எந்த இடத்தில் தலை குனிய வேண்டும் என்பது தெரியும்" என்று நண்பர் சொல்வார். உடம்பு கற்றுக்கொண்டதை மறக்காது. மனது எங்கோ இருக்க உடம்பு மட்டும் பழக்கத்தில் குனிந்து எழுவதும் உண்டு. அதையும் அவரே சொன்னார்.

கோயிலுக்குள் பறை

அடுத்தது சொல்லக் கொஞ்சம் கூச்சமான விஷயம். 1990-களில் மதுரையில் இருந்தேன். அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்கே ஆசிரியராக இருந்தவர் ஜே. தியாபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டவர். 2005-ல் காலமானார். கிராமத்து மெட்டில், கிராமத்துப் பேச்சில் ஆராதனைப் பாடல்கள் எழுதினார். கடவுளைத் தகப்பன் என்று மட்டும் சொல்லாமல், தாயும் தகப்பனும் சேர்ந்து வரும்படி 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் பகிர்ந்து உண்பதுதான் திருவிருந்தின் அர்த்தம் என்பது அவருடைய போதனையின் மையம்.

அவருடைய பாடல்களை வைத்து நடந்த ஒரு ஆராதனைக்குப் போயிருந்தேன். நடுவில் பறை அடித்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. 'சாவு மேளத்தைக் கோயிலுக்குள் அடிக்கிறார்களே' என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வெளியே வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு கேள்வி வந்தது. என் கோயிலில் பைப் ஆர்கன் வாசித்தால் எனக்குக் கூசவில்லை, அது ஐரோப்பாவிலிருந்து வந்தது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 200 வருடங்களுக்கு முன் கர்நாடக ராகத்தில் எழுதிய கீர்த்தனைகளுக்குக் கூசவில்லை, பெருமையாகப் பாடுகிறேன். பறைக்கு மட்டும் ஏன் கூசுகிறது? அந்தக் கருவி யார் கையில் இருந்தது என்பதுதான் காரணம். வேறு காரணம் எவ்வளவு யோசித்தும் கிடைக்கவில்லை.

எங்கள் ஊரில் கோயில் பண்டிகையின்போது அசனம் என்று ஒரு பெரிய சாப்பாடு நடக்கும். ஊரே சேர்ந்து சமைத்து, ஊரே சேர்ந்து சாப்பிடும் என்று இன்றும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன். சமைத்தது ஒரே அடுப்பில்தான். ஆனால் எந்தத் தெருக்காரர்களுக்கு எந்தப் பந்தி என்பது எழுதாத சட்டம். என் சின்ன வயதில் நான் எப்போதும் முதல் பந்தி. கடைசிப் பந்தியில் யார் உட்கார்ந்தார்கள் என்பதை மரத்தடியில் நின்றபோதுதான் முதல் முறையாக எண்ணிப் பார்த்தேன்.

திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தேன். பறை பிடித்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கடவுளுக்கு முன்னால் என் சாதிப் பெருமையை நானே பார்த்த முதல் ஆராதனை அது. அமைதியான, அழகான என் சொந்தக் கோயிலில் நாற்பது வருடம் உட்கார்ந்தும் அது கண்ணில் படவில்லை.

சொந்த வார்த்தை

இப்போது புகார்க் கடிதத்துக்கு வருகிறேன்.

என் மகள் கோயம்புத்தூரில் படித்து முடித்து, வேலை கிடைத்து, எட்டே மாதத்தில் அந்த வேலை போய்விட்டது. அப்போது ஹாஸ்டல் தோழி ஒருத்தி அவளை ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். தகரக் கூரை போட்ட ஹால். கைதட்டிப் பாட்டு, சத்தமான ஜெபம், கண்ணீர், அந்நிய பாஷை, சாட்சி சொல்லுதல். இந்த மாதிரி ஆராதனை உலகம் முழுவதும் பரவியதற்கு 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அசூசா தெருவில் தொடங்கிய எழுப்புதலை முக்கியமாகச் சொல்வார்கள். அதை நடத்திய வில்லியம் சீமோர் அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்த கறுப்பினத்தவர். அதற்கு முந்தைய வருடமே பூனாவுக்குப் பக்கத்தில் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில், ஆதரவற்ற பெண்களும் விதவைகளும் இருந்த இடத்தில், இதே மாதிரி கண்ணீரும் சத்தமுமாக ஜெபம் எழும்பியது. யாரும் பேச விடாதவர்களுக்குப் பேச இடம் கிடைத்தபோது அந்தச் சத்தம் வந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகு படித்துத் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: என் மகள் கை மாறிவிட்டாள்.

2008-ல் அவள் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப் போவதாகச் சொன்னாள். மற்ற மதத்து நண்பர்களுக்காக விளக்குகிறேன். எங்கள் சபையில் குழந்தைக்கே தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுவோம். பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவர் தானாக முடிவெடுத்து, தண்ணீரில் முழுவதுமாக முங்கி எழ வேண்டும். முன்னால் எடுத்தது அவர்கள் கணக்கில் சேராது. ஒரு சி.எஸ்.ஐ. அப்பாவுக்கு இது பெரிய அவமானம். "உன்னை மூன்று மாதக் குழந்தையாகக் கையில் ஏந்திக்கொண்டு போனேனே, அது பொய்யா?" என்று கேட்டேன். "பொய் இல்லப்பா. அன்னைக்கு நீங்க சரின்னு சொன்னீங்க. இன்னைக்கு நான் சரின்னு சொல்றேன்" என்றாள். நல்ல பதில். அன்று என் காதில் ஏறவில்லை.

நான் போகவில்லை. என் மனைவி தனியாகப் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தாள். திரும்பி வந்து ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

பத்து வருடம் கழித்து ஏ பிளாக்கில் அதே பாட்டு, அதே கைதட்டல் கேட்டபோது எனக்கு ஏன் கோபம் வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

2019-ல் என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷனுக்கு முந்தைய இரவு, ஆஸ்பத்திரி அறையில் நான் ஜெப புஸ்தகத்தைத் திறந்து வியாதியஸ்தருக்கான ஜெபத்தை வாசித்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஏங்க, புஸ்தகத்தைக் கீழ வைங்க. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள்.

எனக்கு வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவள். 'இவளை எனக்கு விட்டுக்கொடு' என்று கடவுளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரவு பதினொரு மணிக்கு மகள் வந்து சேர்ந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த அறையில் இன்னொருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது போல அவரிடம் பேசினாள். பயமாக இருக்கிறது என்றாள். அம்மா இன்னும் வேண்டும் என்றாள். அப்பாவுக்குத் தூக்கம் வரச் செய்யும் என்றும் சொன்னாள். இலக்கணம் கிடையாது, வரிசை கிடையாது. என் மனைவி முகத்தில் அன்று வந்த நிம்மதியை நான் மறக்க முடியாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை ஏ பிளாக் மூன்றாவது மாடிக் கதவைத் தட்டினேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். சாட்சி நேரத்தில், "யாராவது பேச விரும்புகிறீர்களா?" என்று கேட்டார்கள். எழுந்து, "போன வருடம் உங்கள் மேல் புகார் எழுதியது நான்தான்" என்றேன். அந்த வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே, "தெரியும் ஐயா. கீழே கையெழுத்துப் போட்டிருந்தீங்களே" என்றார். அந்தக் கடிதம் வந்த மறுவாரமே மைக்கை நிறுத்தி, எட்டரை மணிக்குக் கூட்டத்தை முடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள் என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது. சத்தம் குறைந்த பிறகும் எனக்குக் கோபம் குறையாமல் இருந்திருக்கிறது.

இந்த ஆராதனை முறையிலும் ஆபத்து உண்டு. வெளியிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் என் மனைவியிடம், விசுவாசம் இருந்தால் கீமோ தேவையில்லை என்று சொன்னார். அவரை வாசலுக்குக் கூட்டிப் போய் அனுப்பியது என் மகள்தான். "ஜெபமும் பண்ணுவோம், மருந்தும் எடுப்போம். ரெண்டும் அவர் குடுத்ததுதான்" என்றாள். உணர்ச்சி பொங்கும் இடத்தில் தெளிவாக நிற்கத் தெரிந்த பெண்ணாக அவள் வளர்ந்திருந்தாள். அதையும் நான் பார்க்காமலே இருந்திருக்கிறேன்.

மௌனம்

2022-ல் என் மனைவி காலமானாள். அடக்க ஆராதனை எங்கள் சபையில். என் அம்மாவுக்குச் சொன்ன அதே வரிகள். பக்கத்தில் மகள் நின்றாள். அவள் சபையில் ஜெப புஸ்தகமே கிடையாது. ஆனால் குருவானவர் முதல் வரி சொன்னதும், புத்தகத்தைப் பார்க்காமலே அவள் வாய் அடுத்த வரியைச் சொன்னது. என் குரல் உடைந்த இடத்தில் அவள் குரல் தொடர்ந்தது. சின்ன வயதில் எங்கள் கோயில் பெஞ்சில் உட்கார்ந்து கற்றது. போய்விட்டது என்று நான் நினைத்தது எதுவும் போகவில்லை.

அதன் பிறகு பல மாதங்கள் எனக்குப் புத்தகமும் ஓடவில்லை, சொந்த வார்த்தையும் வரவில்லை. நாகப்பட்டினத்து நண்பர் மறுபடி ஒரு முறை என்னை இழுத்துக்கொண்டு போனார். இந்தத் தடவை குளித்தலைப் பக்கம், காவிரிக் கரையில் தண்ணீர்ப்பள்ளியில் இருக்கும் சாந்திவனம். 1950-ல் மொன்ஷனன், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் தொடங்கிய கத்தோலிக்க ஆசிரமம். 1968-ல் பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி பொறுப்பேற்று, 1993-ல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். கோயில் கட்டடம் நம் ஊர்க் கோயில் பாணியில் இருக்கும். தரையில்தான் உட்கார வேண்டும். ஆரத்தி எடுப்பார்கள். காலையில் சந்தனம், மதியம் குங்குமம், மாலையில் விபூதி. என் பாட்டி பார்த்திருந்தால் என்னை வீட்டில் சேர்த்திருக்க மாட்டாள்.

அங்கே காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். முதல் நாள் எனக்கு வந்த தியானம், எந்த டெபாசிட் எப்போது முதிர்வாகிறது என்பதுதான். இரண்டாம் நாள் தூங்கிவிட்டேன். மூன்றாம் நாள் மாலை ஆற்றங்கரையில் அழுதேன், அவ்வளவுதான். வெளிச்சம் எதுவும் தோன்றவில்லை. ஆனால் அழுத பிறகு எதையும் சொல்ல வேண்டும், யாருக்காவது விளக்க வேண்டும் என்று தோன்றவில்லை. எழுந்து போகவும் தோன்றவில்லை.

அங்கிருந்து வந்த பிறகு ஒரு மாற்றத்தை நான் கவனிக்கவில்லை, மகள்தான் கவனித்தாள். "அப்பா, இப்பல்லாம் போன்ல நான் பேசி முடிக்கிற வரைக்கும் கேக்கறீங்க" என்றாள்.

கணக்கு முடிவு

ஆக, வரவு என்ன? புத்தகம் எனக்கு வார்த்தை கொடுத்தது. வேளாங்கண்ணி மணல் என் உடம்பை ஜெபத்துக்குள் கொண்டுவந்தது. பறை என் சாதிப் பெருமையைக் காட்டிக்கொடுத்தது. மகளின் சபை பயத்தைப் பயம் என்றும் ஆசையை ஆசை என்றும் சொல்லக் கற்றுக்கொடுத்தது. சாந்திவனம் வாயை மூடிக் கேட்கக் கற்றுக்கொடுத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு எது எரிச்சலூட்டியதோ, அங்கேதான் எனக்கு வேண்டியது இருந்தது. முழங்காலைப் பார்த்து ஏளனம் செய்தவனுக்கு முழங்கால் தேவைப்பட்டது. கண்ணீர் ஜெபத்துக்குப் புகார் எழுதியவனுக்கு அழத் தெரியவில்லை. ஆகவே, ஒருவருடைய வழிபாடு நமக்குப் பிடிக்கவில்லை என்றால், அவரிடம் குறை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், நம்மிடம் எது வளராமல் கிடக்கிறது என்று ஒரு தடவை பார்க்கலாம். அவரிடம் உண்மையிலேயே குறை இருக்கவும் கூடும். ஆனால் இரண்டாவதாகப் பார்க்கலாம்.

இதற்காக ஓட்டல் ஓட்டலாக ருசி பார்ப்பது போல வாரம் ஒரு சபைக்குப் போகச் சொல்லவில்லை. நான் இன்றும் என் சி.எஸ்.ஐ. கோயிலில்தான் உட்காருகிறேன், அதே பெஞ்சில். வீடு என்று ஒன்று இருந்தால்தான் விருந்தாளியாகப் போக முடியும்.

பற்று ஒன்று பாக்கி இருக்கிறது. 2008-ல் நான் போகாத அந்த ஞானஸ்நானம். அதை எந்த ஜெபத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. போன வருடம் என் பேத்தி, பதிமூன்று வயது, அதே சபையில் ஞானஸ்நானம் எடுத்தாள். என்னையும் கூப்பிட்டார்கள். போனேன். கைதட்டும்போது எனக்குத் தாளம் பிந்தித்தான் வந்தது. பிள்ளை தண்ணீர்த் தொட்டியிலிருந்து நடுங்கிக்கொண்டே ஏறி வந்தபோது படியில் துண்டோடு நின்றது நான்தான். மகள்தான் அந்தத் துண்டை என் கையில் கொடுத்து அங்கே நிறுத்தியிருந்தாள்.

 

கேள்வி பதில்

*இத்தனையும் பார்த்த பிறகு, எது சிறந்த முறை என்று நினைக்கிறீர்கள்?*

என்னைப் பொறுத்தவரை, வீட்டுக்குத் திரும்பி வரும்போது கூட இருப்பவர்களிடம் கொஞ்சம் நல்ல மனிதனாக நடந்துகொள்ள வைக்கிற முறை. அந்தச் சோதனையில் எல்லா முறையும் சில நாள் தேறும், சில நாள் தோற்கும்.

*நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?*

உங்கள் வீட்டிலும் மந்திரம் சொல்பவர் ஒருவர், விரதம் இருப்பவர் ஒருவர், பஜனைக்குப் போகிறவர் ஒருவர், எதுவும் வேண்டாம் என்று மொட்டை மாடியில் தனியாக நடப்பவர் ஒருவர் இருப்பார். ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வதற்குப் பதிலாக ஒரு நாள் கூடப் போய்ப் பார்க்கலாம். அவ்வளவுதான்.

*மகளிடம் மன்னிப்புக் கேட்டீர்களா?*

கேட்டேன். அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில். சொந்த வார்த்தையில்.

*அப்படியானால் சத்தம் பற்றிய சங்க விதியை நீக்கிவிடலாமா?*

(சிரிப்பு) வேண்டாம். மைக் விதி எல்லோருக்கும் பொது. மார்கழி பஜனைக்கும் எங்கள் கேரல்ஸ் பவனிக்கும் சேர்த்துத்தான். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் தூக்கம் வராத பெரியவர்களும் இருக்கும் கட்டடம் இது. ஒரே ஒரு திருத்தம் சொல்வேன். கடிதம் எழுதுவதற்கு முன் போய்க் கதவைத் தட்டுங்கள். நான் அதைச் செய்திருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

(கூட்டத்தின் முடிவில் ஏ பிளாக் மூன்றாவது மாடிக் குடும்பத்தினர் அனைவருக்கும் சுண்டலும் தேநீரும் வழங்கினார்கள்.)